முட்டை மஞ்சக்கருவ சுத்தி பச்சையா இருந்தா விஷமா?

வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துது, அவிச்ச முட்டைல மஞ்சக்கருவ சுத்தி பச்சை வளையம் இருந்தா அது கெமிக்கல் போட்ட முட்டை, புள்ளைங்களுக்கு குடுக்காதீங்கன்னு. இது பொய். இத பாத்துட்டு சில வீட்ல நல்ல முட்டைய குப்பைல போடுறாங்க, எனக்கு வயிறு எரியுது.

குட்டீஸ், நீங்களே கேளுங்க. முட்டையோட வெள்ளைக்கருல கந்தகம்னு ஒண்ணு இருக்கு. ரொம்ப நேரம் கொதிக்க வச்சா அந்த கந்தகம் ஹைட்ரஜன் கூட சேந்து ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கிற வாயுவா மாறும், அழுகின முட்டை நாத்தம்னு சொல்றோம்ல, அது இதே வாயுதான், துளியூண்டு இருந்தாலே நம்ம மூக்கு கண்டுபிடிச்சிரும். இந்த வாயு உள்ள மஞ்சக்கரு பக்கம் போகுது, அங்க இரும்புச்சத்து இருக்கு, ரெண்டும் ஒட்டிக்கிட்டு அயர்ன் சல்ஃபைடு ஆயிடுது. அதோட கலர்தான் அந்த பச்சை! யாரும் வெளிய இருந்து எதையும் ஊத்தல. அந்த அளவு உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது, தாராளமா சாப்பிடலாம்.

வளையம் பிடிக்கலையா, அம்மா அப்பாகிட்ட சொல்லுங்க, தண்ணி கொதிச்சப்புறம் 10, 12 நிமிஷம் போதும், இறக்கினதும் பச்சத்தண்ணில போட்ரணும்.

ஆனா ஓட்ட உடைக்கும்போதே குப்னு நாத்தம் அடிச்சா அது வேற கதை, கிருமி புகுந்து நிஜமாவே கெட்டுப்போன முட்டை, அத மட்டும் தூக்கிப் போடுங்க.