படம் பார்த்தால் கட்சியில் சேர்த்துவிடுவீர்களா?

இரண்டு நாளாக நடப்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள். ஜெயலலிதாவின் கதையைச் சொல்லும் ‘தலைவி’ படத்தை இப்போதுதான் பார்த்தேன், சில காட்சிகள் பிடித்திருந்தன என்று எழுதினேன். அவ்வளவுதான். இரட்டை இலை எப்போது துளிர்த்தது என்றார் ஒருவர். கல்லூரி நண்பன் ஒருவன், பெயர் வேண்டாம், ‘கொத்தடிமை’ என்றே எழுதிவிட்டான்.

ஐயா, படம்தான் பார்த்தேன். உறுப்பினர் அட்டை வாங்கவில்லை.

ஜெயலலிதா ஆட்சியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். 1995 வளர்ப்பு மகன் கல்யாணம், 2003இல் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியது, 2014இல் பெங்களூரு தனி நீதிமன்றம் கொடுத்த நான்காண்டுச் சிறை, 100 கோடி அபராதம், அப்புறம் வந்த மேல்முறையீடுகள். எல்லாம் தெரிந்துதான் பார்த்தேன்.

அம்மாவும் கூட உட்கார்ந்து பார்த்தார். உதயசூரியனைத் தவிர வேறு சின்னத்தைத் தொட்டறியாதவர். 1989இல் சட்டமன்றத்தில் ஜெயலலிதாவின் சேலையைப் பிடித்து இழுக்கும் காட்சி வந்ததும் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. அன்று அவைக்குள் நடந்ததற்கு இரு தரப்பும் இன்றுவரை இரண்டு கதை சொல்கிறது. அம்மா எந்தக் கதைக்கும் போகவில்லை. “ஆயிரம் இருந்தாலும் ஒரு பொம்பளைய அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அதுக்காக ஓட்டெல்லாம் போட மாட்டேன்.” இவ்வளவுதான் விஷயம். இது என் அம்மாவுக்குப் புரிகிறது, அரசியல் படித்தவர்களுக்குப் புரியவில்லை.

நடித்தவரின் அரசியல் தெரியாதா என்பீர்கள். ஜெயலலிதாவாக நடித்த கங்கனா பா.ஜ.க. எம்.பி. ஆனது 2024இல், படம் வந்தது 2021இல். நடிகரின் கட்சியைப் பார்த்தா நம் ஊரில் டிக்கெட் வாங்கினார்கள்? சரி, பலர் அப்படித்தான் வாங்கினார்கள், அதை விடுங்கள்.

வெள்ளையடிக்கும் படம் என்பீர்கள். ஆமாம்! 1991இல் முதல்வர் ஆவதோடு படத்தை முடித்துவிட்டார்கள். கேள்வி கேட்க வேண்டியதெல்லாம் அதற்கு அப்புறம்தானே இருக்கிறது? ஆனால் இதைச் சொல்லவும் படத்தைப் பார்த்தாக வேண்டும். பார்க்காமலே திட்டும் வித்தை எனக்கு வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நண்பனுக்கு மட்டும். 2007இல் ‘பெரியார்’ படம் வந்தபோது எங்களைக் கூட்டிப்போனதே நீதான். விபூதி இல்லாமல் வாசல் தாண்டாத என் தாத்தாவும் வந்தார். கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெளியே வந்து உன்னோடு மல்லுக்கு நின்றார். நீயும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாய், டீ வாங்கிக் கொடுத்தாய். அன்று அவரை யாராவது கருஞ்சட்டை என்றார்களா? கோயிலுக்குள் வராதே என்றார்களா? அவருக்கு இருந்த அந்த உரிமைகூட இன்று எனக்கு இல்லையா? அதுவும் உன்னிடமா?

நேற்று ராத்திரி போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் ஊருக்கு நடுவில் வைத்துக் கேட்கிறேன்.