"படம்: இணையம்" என்று போடுகிற மகராசர்களுக்கு

"படம்: இணையம்." "நன்றி: கூகுள்." இந்த இணையமும் கூகுளும் எப்போதய்யா கேமராவைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் போனார்கள்? கூகுள் தேடிக் கொடுக்கும், அவ்வளவுதான். நீங்கள் படம் எடுத்த இடம், யாரும் பயன்படுத்தும்படி படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளம். வெயிலில் நின்று பெரிய கோயில் விமானத்தை எடுத்தவரின் பெயர் அங்கே படத்துக்குக் கீழேயே இருக்கிறது. அதைப் பார்க்கக்கூட நோகிறதா?

விக்கிமீடியா காமன்ஸில் 'வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது' என்ற உரிமத்தில் மட்டும் படம் கொடுத்தால் ஏற்கவே மாட்டார்கள். ஆக, அங்கே இருக்கும் படத்தை வைத்துத் தாராளமாகக் காசு பார்க்கலாம், வெட்டலாம், நிறம் மாற்றலாம். பதிலுக்கு, அங்கே பல படங்களுக்கு இருக்கும் சிசி பை-எஸ்ஏ 4.0 (பெயர் போடு, மாற்றினால் அதே உரிமத்தில் கொடு என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்) கேட்பது ஒரு வரி:

படம்: எடுத்தவர் பெயர் / விக்கிமீடியா காமன்ஸ் / சிசி பை-எஸ்ஏ 4.0 / ஓரம் வெட்டப்பட்டது

காமன்ஸ் என்ற இடத்தில் மூலப் பக்கத்துக்கும், உரிமத்தின் பெயரில் உரிமப் பக்கத்துக்கும் இணைப்புக் கொடுக்க வேண்டும். முடிந்தது வேலை. "படம்: விக்கிப்பீடியா" என்று மொட்டையாகப் போட்டால் செல்லாது. படத்தின் மேல் எழுத்தைப் பொறித்து யூடியூப் முகப்புப் படம் ஆக்கினால், அதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். (கட்டுரை நடுவே சும்மா படத்தை வைத்தால் கட்டுரைக்கு அந்த நிபந்தனை ஒட்டாது. அதற்குப் பயந்து பெயரை மறைக்க வேண்டாம்.)

"இலவசம்தானே" என்பார்கள். காசு கேட்கவில்லை, அவ்வளவுதான்; பதிப்புரிமை எடுத்தவரிடமே இருக்கிறது. நிபந்தனையை மீறினால் உரிமம் தானாகவே போய்விடும். 4.0-இல், மீறல் தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் திரும்பக் கிடைக்கும். அதே உரிமத்தின் முந்தைய பதிப்புகளான 2.0, 3.0-இல் இருக்கும் பழைய படங்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

பெயர் போடாததைக்கூடப் பொறுக்கலாம். எடுத்தவர் பெயரை வெட்டிவிட்டுத் தன் தளத்தின் முத்திரையைக் குறுக்கே குத்தி, 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்று கீழே எழுதுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். பிறகு யாரோ ஒருவர் அந்தத் தளத்தைப் பார்த்துவிட்டு, காமன்ஸில் இருப்பதுதான் திருட்டுப் படம் என்று நீக்கல் கோரிக்கை வைக்கிறார். எடுத்தவர் தன் படத்துக்குத் தானே சாட்சி தேடி அலைய வேண்டும். முழு அளவுக் கோப்பும் கேமரா பதித்த எக்சிஃப் தகவலும் (எடுத்த நாள், கேமரா வகை போன்ற விவரங்கள்) கையில் இருந்தால் பிழைத்தார். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியதை மட்டும் வைத்திருந்தால் போச்சு. அது படத்தைச் சுருக்கி, எக்சிஃபையும் உருவிவிடும். ஆகவே படம் ஏற்றுகிறவர்கள் மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

சட்டமும் சும்மா இல்லை. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, உரிமையை முழுக்க எழுதிக் கொடுத்துவிட்டாலும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை படைத்தவரை விட்டுப் போகாது. உரிமையைக் குறிக்கும் தகவலைத் தெரிந்தே அழித்தால் 65பி பிரிவில் 2 ஆண்டு வரை சிறை.

பெயர் போட அவ்வளவு கஷ்டமாக இருந்தால், காமன்ஸ் தேடல் பக்கத்தில் உரிமம் என்ற வடிகட்டி இருக்கிறது. 'கட்டுப்பாடு இல்லாதவை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிசி0, அதாவது எடுத்தவரே எந்த நிபந்தனையும் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்த படங்கள், கொட்டிக் கிடக்கின்றன. யார் பெயரும் போடத் தேவையில்லை. அங்கே போய் எடுத்துக்கொள்ளுங்களேன், யார் தடுத்தது?