ஆபரா செஸ் ஆட்டத்தில் தவறு டி6 அல்ல
“1858-ல் பாரிஸ் ஆபரா அரங்கில் மார்ஃபி 17 நகர்த்தல்களில் ஜெயித்தாரே, பிலிடோர் தற்காப்பு தோற்கிற ஓப்பனிங்தான்” என்று செஸ் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். (மார்ஃபி அந்த ஆட்டத்தில் வெள்ளைக் காய்களை ஆடிய அமெரிக்க செஸ் மேதை; பிலிடோர் தற்காப்பு என்பது கறுப்பு 2-வதாகச் சிப்பாயை டி6 கட்டத்துக்கு நகர்த்தும் ஓப்பனிங், அதாவது ஆட்டத் தொடக்கம்.) புதிதாகக் கற்பவர்கள் தயவுசெய்து இதை நம்ப வேண்டாம்.

கறுப்பு சறுக்கியது 2-வது நகர்த்தலான டி6-ல் இல்லை, 3-வதாக பிஷப்பை ஜி4-க்குக் கொண்டுபோனதில். வெள்ளை இ5-ல் இருந்த சிப்பாயை வெட்டியதும், சிப்பாயை இழக்காமலிருக்க அந்த பிஷப்பைக் கொடுத்து வெள்ளையின் குதிரையை வெட்ட வேண்டியதாயிற்று. வெள்ளை ராணி நோகாமல் களத்துக்கு வந்துவிட்டது. அப்புறமும் கறுப்பு தாக்குப்பிடித்திருக்கலாம்; 9-வதாகச் சிப்பாயை பி5-க்குத் தள்ளியதுதான், வெள்ளை வேண்டுமென்றே குதிரையைக் கொடுத்துத் தாக்கிய அந்த அழகான குதிரைப் பலிக்கு வழிவிட்டது.

3-வதில் டி4 சிப்பாயை வெட்டினாலோ குதிரையை எஃப்6-ல் வைத்தாலோ கறுப்புக்குக் கொஞ்சம் இடம் குறையும், ஆனால் நிலை உறுதியானது. கிராண்ட்மாஸ்டர்களே அப்படி ஆடுகிறார்கள்.