காலி இடம் ஏன் எப்போதும் தப்பான பக்கத்திலேயே கிடைக்கிறது?

விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் 80 ஜிபி சும்மா கிடக்கிறது, அதே டிஸ்கில் லினக்ஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷனோ (டிஸ்கைப் பிரித்துப் போட்ட பகுதிதான் பார்ட்டிஷன்) ஒரு அப்டேட் போடக்கூட இடமில்லாமல் திணறுகிறது, இங்கேயிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன். ஒரே கணினி, ஒரே டிஸ்க், இரண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரன் நான் ஒருவன்தான். இதற்கு ஏன் ராத்திரி முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்?

முதலில், பார்ட்டிஷன்களைக் கவனிக்க விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட். 80 ஜிபி காலி என்று அதே திரையில் காட்டும், சுருக்கச் சொன்னால் 11 ஜிபிதான் தர முடியும் என்று கை விரிக்கும். நகர்த்த முடியாத கோப்புகள் இருக்கின்றனவாம். விண்டோஸ் தனக்கென வைத்திருக்கும் பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரெஸ்டோர் பதுக்கி வைத்தது, இதில் ஏதாவது ஒன்று டிரைவின் கடைக்கோடியில் போய் உட்கார்ந்திருந்தால் அதைத் தாண்டி வெட்ட முடியாது. சரி என்று ஒவ்வொன்றாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, சுருக்கி, அப்புறம் எல்லாவற்றையும் திரும்ப இயக்க வேண்டும். இதெல்லாம் அந்த மென்பொருள் தானாகவே செய்ய வேண்டிய வேலை இல்லையா?

ஒருவழியாக இடம் கிடைத்தால் அது சி டிரைவுக்கு வலது பக்கம் கிடைக்கிறது, அதாவது லினக்ஸுக்கு இடது பக்கம். வயிறு எரிவது இங்கேதான். வலது பக்கம் இடம் இருந்தால், லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே எக்ஸ்ட்4-ஐ (லினக்ஸ் தன் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) சில நொடிகளில் பெரிதாக்கிவிடலாம். இடது பக்கம் என்றால் முடியாது. எக்ஸ்ட்4 தன் பிளாக்குகளை, அதாவது தரவு வைக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை எல்லாம் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து எண்ணி வைத்திருக்கிறது, தொடக்கம் நகர்ந்தால் உள்ளே இருக்கும் தரவு மொத்தமும் கூடவே நகர்ந்தாக வேண்டும். போதாக்குறைக்கு இரண்டுக்கும் நடுவில் விண்டோஸ் கெட்டுப்போனால் மீட்பதற்கான ரெகவரி பார்ட்டிஷன் நந்தி மாதிரி குறுக்கே கிடக்கும், அதையும் தள்ள வேண்டும், ஆனால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்ட்டிஷனை நகர்த்த ஒரு பட்டன்கூட இல்லை. இந்த ரெகவரி பார்ட்டிஷன் அதைப் படைத்தவர்களையே விட்டுவைக்கவில்லை. 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட், அதில் இடம் போதவில்லை என்று பலருடைய கணினியில் ஏற மறுத்தது. மைக்ரோசாஃப்ட் சொன்ன வழி என்ன தெரியுமா? கட்டளை வரியில் போய் நீங்களே 250 எம்பி பெரிதாக்கிக்கொள்ளுங்கள் என்பதுதான்!

இதையெல்லாம் விடப் பெரிய கொடுமை, எஸ்எஸ்டியில் இடது வலது என்று ஒன்றே கிடையாது. சுழலும் தட்டு இருந்த ஹார்ட் டிஸ்கில் வரிசைக்கு ஒரு அர்த்தம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். எஸ்எஸ்டியில் எந்த எண்ணுள்ள பிளாக் எந்தச் சிப்பின் எந்த மூலையில் இருக்கிறது என்பது உள்ளே இருக்கும் கன்ட்ரோலருக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். ஆக, வெறும் எண் வரிசை ஒன்றைத் திருப்திப்படுத்துவதற்காக 200 ஜிபியைப் படித்து, திரும்ப எழுதி, டிஸ்கின் ஆயுளையும் தேய்த்து, பார் நகருகிறதா நகருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ஓடிக்கொண்டிருக்கும் ரூட்டை நகர்த்த முடியாது என்பதால் இதை லைவ் யூஎஸ்பியிலிருந்து (பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) பூட் செய்து, ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் மென்பொருளைத் திறந்துதான் செய்ய வேண்டும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைக்காமல் வந்திருந்தால் என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸ் பார்ட்டிஷன் பக்கம் கைவைக்கவே விடாது, ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்குமாம். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீயைத் தேடி வைத்துக்கொள்ள வேண்டும். நகர்த்து என்றதும், கணினி பூட் ஆகாமல் போகலாம், ரொம்ப நேரமும் ஆகலாம் என்று ஜிபார்ட்டெட்டே எச்சரிக்கும். நடுவில் மின்சாரம் போனால் பாதி தரவு பழைய இடத்தில், பாதி புது இடத்தில், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் இல்லை.

"முதலில் பேக்கப் எடுத்துக்கொள்" என்று ஒருத்தர் கட்டாயம் வருவார். எடுக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இதையெல்லாம் கொட்டி வைக்க இன்னொரு டிஸ்க் கையில் இருந்திருந்தால் நான் ஏன் ஐயா பார்ட்டிஷனை நோண்டிக்கொண்டிருக்கப் போகிறேன்?

எல்லாம் முடிந்தாலும் நிம்மதி கிடையாது. வழியில் இருந்த ஸ்வாப் பார்ட்டிஷனை (ராம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் இடம்) அழித்துப் புதிதாகப் போட்டிருந்தால் அதன் யூயூஐடி என்ற அடையாள எண் மாறிவிடும், பூட் ஆகும்போது எதையெல்லாம் இணைக்க வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த வரியைத் திருத்தும்வரை பெரும்பாலான லினக்ஸ்கள் ஒவ்வொரு பூட்டிலும் இல்லாத ஸ்வாப்புக்காக 90 நொடி காத்து நிற்கும்.

வழியே இல்லை என்றால்கூட மனசு ஆறிவிடும். பல பார்ட்டிஷன்களை ஒரே இடமாகச் சேர்த்துப் பயன்படுத்த விடும் எல்விஎம் போட்டிருந்தால் காலி இடம் எந்தப் பக்கம் இருந்தாலும் கவலையில்லை, அதில் ஒரு பார்ட்டிஷன் போட்டு இரண்டு மூன்று கட்டளையில் சேர்த்துக்கொள்ளலாம், லினக்ஸை நிறுத்தக்கூட வேண்டாம். எக்ஸ்ட்4-க்கு மாற்றான பிடிஆர்எஃப்எஸ்ஸிலும் அப்படித்தான், ஃபெடோரா என்ற லினக்ஸ் 2020-லேயே டெஸ்க்டாப்புக்கு அதைத்தான் இயல்பாக்கியது. உபுண்டு என்ற லினக்ஸின் 24.04 இன்ஸ்டாலரிலும் எல்விஎம் இருக்கிறது, ஆனால் அட்வான்ஸ்டு என்ற பட்டனுக்குப் பின்னால், முதல்முறை லினக்ஸ் போடுகிறவர் பயந்துபோய்த் தொடாமலே தாண்டிவிடும் இடத்தில். அங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்த புண்ணியவான், ஒரே ஒரு முறை, பழைய பேட்டரி போட்ட தன் சொந்த லேப்டாப்பில் 200 ஜிபியை இடது பக்கமாக நகர்த்திப் பார்க்கட்டும்.