நொய்யல் குடியரசின் 216 போர் விமானங்கள்

12 ஸ்குவாட்ரன், அதாவது போர் விமான அணி. ஸ்குவாட்ரனுக்கு 18 விமானம். மொத்தம் 216 போர் விமானங்கள். விமானிகள் 216 பேர். தரைப் பணியாளர்கள் "தேவையான அளவு".

நொய்யல் குடியரசின் விமானப்படை இவ்வளவுதான். அப்படி ஒரு நாடு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். என் அக்கா மகனும் அவனுடைய கல்லூரித் தோழர்களும் சேர்ந்து உண்டாக்கிய கற்பனை நாடு அது. வெள்ளியங்கிரி மலையில் தொடங்கிக் காவிரிக் கரையில் முடிகிறது. தேசிய விலங்கு காங்கேயம் காளை. தலைநகர் கோவையா ஈரோடா என்ற சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை. நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக (விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவன்) இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், "மாமா, ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று பட்டியலை அனுப்பிவிட்டான். விளையாட்டுப் பிள்ளைகள் என்று விட்டுவிட மனம் வரவில்லை. ஏனென்றால் அவர்கள் போட்ட இதே கணக்கைத்தான் நம் தொலைக்காட்சி விவாதங்களில் கோட்டு போட்ட பெரியவர்களும் போடுகிறார்கள்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். அனுமதிக்கப்பட்ட போர் ஸ்குவாட்ரன்கள் 42, கையில் இருப்பது 29 என்று அன்றிலிருந்து எல்லோருக்கும் மனப்பாடம். சூலூரில் எந்தப் பேக்கரியில் டீ குடித்தாலும் பக்கத்து மேசையில் இந்த இரண்டு எண்களும் காதில் விழும். தலைக்கு மேல் தேஜஸ் போர் விமானம் பறக்கிற ஊர், பேசத்தான் செய்வார்கள். ஆனால் 596 என்ற எண்ணை நான் எந்த மேசையிலும் கேட்டதில்லை. விமானப்படையில் விமானிகள் பற்றாக்குறை 2015 பிப்ரவரியில் 486 ஆக இருந்தது, 2021 இறுதியில் 596 ஆக உயர்ந்தது என்று தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை சொல்கிறது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை. ஒரு நாள் செய்தியாக வந்தது, போனது.

நம் பக்கம் ஒரு மில்லைப் பற்றிப் பேச்சு வந்தால், எத்தனை ஸ்பிண்டில் (நூல் நூற்கும் கதிர்) என்றுதான் முதலில் கேட்பார்கள். மில்லை நடத்துகிறவருக்குத்தான் தெரியும், ராத்திரி ஷிப்டுக்கு ஆள் இல்லாவிட்டால் ஸ்பிண்டில் கணக்கு சுவரில் மாட்டி வைக்கத்தான் உதவும் என்று.

சுவிட்சர்லாந்துக்கு இது உலகமே பார்க்கும்படி நடந்தது. 2014 பிப்ரவரி 17. அடிஸ் அபாபாவிலிருந்து ரோமுக்குப் போன எத்தியோப்பியப் பயணிகள் விமானத்தை அதன் துணை விமானியே கடத்தி ஜெனீவாவுக்குக் கொண்டுபோனார். விடியற்காலை நேரம். கூடவே பறந்து கண்காணித்தவை இத்தாலியின் போர் விமானங்களும் பிரான்சின் போர் விமானங்களும். சுவிஸ் படையிடம் எஃப்-18 ஹார்னெட் இல்லையா? இருந்தது, நல்ல நிலையில் இருந்தது. ஆனால் அவர்களுடைய வான்காவல் அப்போது அலுவலக நேரத்தில் மட்டும்தான். காலை 8 முதல் 12, மதிய உணவு, பிறகு 1.30 முதல் 5. சனி, ஞாயிறு விடுமுறை. உலகமே சிரித்தது. ஆயுதம் ஏற்றிய இரண்டு விமானங்களை இரவு பகலாக 15 நிமிடத் தயார்நிலையில் நிறுத்த அவர்களுக்கு 2020 கடைசி வரை ஆனது. ஏன் அத்தனை ஆண்டு? விமானம் வாங்கவா? இல்லை. ஆள் எடுக்கவும் பழக்கவும் சம்பளத்துக்குப் பணம் ஒதுக்கவும்.

இந்தக் கணக்கை மாப்பிள்ளைக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு மனிதன் வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்கிறான் என்று வைத்தால், ஒரே ஒரு விமானி இருக்கையை இரவு பகலாக நிரப்ப 4 பேர் போதாது. விடுப்பு, காய்ச்சல், பயிற்சி வகுப்பு, குழந்தை பிறப்பு எல்லாம் சேர்த்தால் 5 பேருக்கு மேல். இரண்டு விமானம் என்றால் 10 பேருக்கு மேல். அந்தப் பத்துப் பேரும் காத்திருப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது, பயிற்சிப் பறத்தல் உட்பட. 18 விமானம் உள்ள ஸ்குவாட்ரனுக்கு 18 விமானிகளைப் போட்டால் காவலுக்கு ஆள் வைப்பீர்களா, போருக்கு ஆள் வைப்பீர்களா? நம் படையில் ஒரு விமானத்துக்கு 1.25 விமானி என்பது அனுமதி. கையில் இருந்தது 0.81 என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே பத்தாண்டுக்கு முன் கவலைப்பட்டது. அமெரிக்கர்கள் இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள் என்றும் அதே அறிக்கையில் இருந்தது.

இதுவும் எண்ணிக்கைதான். தரம் அதற்கு மேல் நிற்கிறது. 20 விமானிகளில் எத்தனை பேர் நான்கு விமானங்களைத் தலைமை தாங்கிக் கூட்டிப்போகத் தெரிந்தவர்கள், எத்தனை பேர் புதுப் பையனுக்குப் பின் இருக்கையிலிருந்து சொல்லிக்கொடுக்கக் கூடியவர்கள் என்று பாருங்கள். அவர்கள் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். 1944 செப்டம்பரில் ஜெர்மனியின் போர் விமான உற்பத்தி உச்சத்தில் இருந்தது. ஓட்டத் தெரிந்தவர்கள் செத்துப்போயிருந்தார்கள், பெட்ரோலும் இல்லை, பயிற்சி முடியாத பிள்ளைகளை ஏற்றி அனுப்பினார்கள். அமெரிக்கர்களோ நன்றாகச் சண்டையிட்டவனை ஊருக்கு அழைத்துப் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக உட்காரவைத்தார்கள்.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். "தேவையான அளவு" என்று எழுதினானே, அந்த இடம்.

ஒரு ஸ்குவாட்ரனின் தலைவர் விங் கமாண்டர் அல்லது குரூப் கேப்டன். அவருக்குக் கீழே பறத்தலைப் பார்க்க ஃபிளைட் கமாண்டர், பராமரிப்பைப் பார்க்க முதுநிலைப் பொறியியல் அதிகாரி. அந்த அதிகாரிக்குக் கீழேதான் கூட்டம். ஏர்ஃப்ரேம், இன்ஜின், எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்ட், ரேடார்-ரேடியோ, ஆயுதம் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி ஆள். ஒருவன் வேலையை இன்னொருவன் செய்ய முடியாது, செய்தாலும் கையெழுத்துப் போட முடியாது. ஃபார்ம் 700 என்று ஒரு பதிவேடு உண்டு. என் பங்குக்கு நான் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று ஒவ்வொரு தொழில்காரனும் அதில் கையெழுத்திட வேண்டும். கடைசியாக விமானியின் கையெழுத்து. ஒரு கையெழுத்து குறைந்தால் ஏர் மார்ஷலே வந்து நின்றாலும் விமானம் நகராது.

கருவிப் பலகை ஒன்று சுவரில் தொங்கும். ஒவ்வொரு ஸ்பேனரின் வடிவமும் அதன் இடத்தில் வண்ணத்தில் வரையப்பட்டிருக்கும். எடுத்தால் அந்த இடத்தில் உன் பெயர் பொறித்த வில்லையை மாட்ட வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு தளத்தில் ஒரு மாலை, சுண்டுவிரல் நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் இடம் காலியாக இருந்தது. அன்று கைவைத்த அத்தனை விமானங்களும் நின்றன. மூடிய பலகங்களையெல்லாம் மீண்டும் கழற்றினோம். காற்று உள்வாங்கும் குழாய்க்குள் ஒல்லியான பையன் ஒருவன் டார்ச்சோடு ஊர்ந்து போனான். நள்ளிரவு தாண்டி, ஓர் ஓவர்கோட்டின் கிழிந்த பைக்குள் கிடைத்தது. திட்ட யாருக்கும் தெம்பில்லை. மறுநாள் காலை பறத்தல் அட்டவணை மாறவில்லை. பட்டியலில் "தேவையான அளவு" என்று ஒரு வரியில் போன கூட்டம் இதுதான்.

நம் 45வது ஸ்குவாட்ரன் தேஜஸுக்காக 2016 ஜூலை 1 அன்று பெங்களூருவில் தொடங்கியபோது அதனிடம் இருந்தவை இரண்டே விமானங்கள். 2018இல்தான் சூலூருக்கு வந்தது. விமான எண்ணிக்கைதான் ஸ்குவாட்ரன் என்றால் இரண்டை வைத்துக்கொண்டு எப்படித் தொடங்கினார்கள்? புது விமானத்தின் குணம் தெரிந்த ஆட்களை முதலில் சேர்த்தார்கள், விமானங்கள் பின்னால் வந்தன.

சின்ன நாட்டுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ஸ்வீடனைப் பார்க்கச் சொன்னேன். நெடுஞ்சாலையில் இறங்கும் கிரிபன் விமானத்துக்கு எரிபொருளும் ஏவுகணையும் ஏற்றி 10 நிமிடத்தில் திருப்பி அனுப்ப, ஒரு தேர்ந்த தொழில்நுட்பரும் கட்டாய ராணுவச் சேவையில் வந்த ஐந்து இளைஞர்களும் போதும். விமானத்தை வடிவமைக்கும்போதே யார் கையில் பராமரிப்பு என்று யோசித்ததால் வந்த வசதி அது. அந்த ஒரு தேர்ந்தவர் இல்லாமல் ஐவரும் ஒன்றும் செய்ய முடியாது. நான்கு ஆண்டில் முக்கால்வாசிப் பேரை வீட்டுக்கு அனுப்பும் அக்னிவீர் முறையில் அந்தத் தேர்ந்தவர் எங்கிருந்து வருவார் என்பது என் சொந்தக் கவலை. தனியாகக் கையெழுத்திடும் துணிச்சல் எனக்கு வரவே அதைவிட அதிக காலம் ஆனது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதலாம், ஆனால் ஒரு இன்ஜினையாவது கழற்றிப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

என் பரிந்துரை, 12 ஸ்குவாட்ரனை 4 ஆகக் குறைப்பது. ஒவ்வொன்றிலும் 16 போர் விமானம், 2 இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். ஸ்குவாட்ரனுக்கு 27 விமானிகளுக்குக் குறையக் கூடாது. மிச்சமாகும் பணத்தில் பல்லடம் பக்கம் ஒரு தொழில்நுட்பப் பயிற்சிப் பள்ளி, அதன் ஆசிரியர்களுக்கு விமானிக்கு இணையான சம்பளம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சோமனூர் தறிப் பட்டறைகளில் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் பிள்ளைகள் ஏராளம், அவர்களை எடுங்கள் என்றேன்.

4 என்பதற்கு அவர்களுடைய பாதுகாப்பு அமைச்சர் (கணினி அறிவியல், மூன்றாம் செமஸ்டர்) முகம் சுளித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஒன்றில் மட்டும் உடன்பாடு இல்லை. பராமரிப்புப் பிரிவை ஸ்குவாட்ரன் தலைவரின் கீழ் வைப்பதா, அமெரிக்கர்கள் 2002இல் செய்ததுபோலத் தனிக் குழுவாகப் பிரிப்பதா? பிரித்தால் உதிரி பாகங்களும் ஆட்களும் மிச்சமாகும் என்கிறான் மாப்பிள்ளை. "என் ஸ்குவாட்ரன், என் விமானம்" என்ற ரோஷம் போய்விடும், அந்த ரோஷம்தான் இரவு இரண்டு மணிக்கும் ஒருவனை இன்ஜினைக் கழற்ற வைக்கிறது என்கிறேன் நான். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அமைச்சரவை கூடுகிறது. எனக்கு ஓட்டு கிடையாதாம்.