12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் தீப்பிடிக்கும்

மலேசியாவில் சித்தியவான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லுமுட்டுக்குப் படகு வேலைக்குப் போகும் தம்பிகளின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: “பழைய பாய்மரப் படகில் பியூஸ் அடிக்கடி போனால் பெரிய பியூஸ் போடுங்கள், அவசரத்துக்கு சிகரெட் வெள்ளித்தாள் போதும். 12 வோல்ட்தானே, ஆபத்தில்லை.” இது தவறு. தயவுசெய்து யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் வயரைச் சூடாக்குவது ஆம்பியர், அதாவது மின்னோட்டத்தின் அளவு. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். படகு பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். பியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான். 15 ஆம்பியர் மட்டுமே தாங்கும் வயரில் 30 ஆம்பியர் பியூஸ் இருந்தால், முதலில் எரிவது வயர். பக்கத்தில் மரப்பலகையும் டீசலும் இருக்கும்.

பியூஸ் போனால் காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் தண்ணீர் இறைக்கும் பில்ஜ் பம்ப்பில் குப்பை சிக்கி மோட்டார் இறுகியிருக்கும், அல்லது வயரின் தோல் உராய்ந்து போயிருக்கும்.

அப்புறம் செம்பு அரித்துப் பச்சை பூத்த வயர் இணைப்புகள். இவற்றைப் பியூஸ் கண்டுபிடிக்காது. 0.4 ஓம் தடை உள்ள இணைப்பில் 5 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் குறையும், அந்த ஒரே இடத்தில் 10 வாட் சூடு எழும். பம்ப் ஓடும்போதே பேட்டரியிலும் பம்ப்பிலும் வோல்ட் அளக்கும் மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால், இணைப்பை வெட்டிவிட்டு, ஈயம் பூசிய செம்பு வயரில் புதிதாகப் போடுங்கள்.