முதல் கேள்வி ஆறுதலைப் பற்றியது

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்கள் வந்துவிட்டால் வேலூரில் பாவத்தைப் பற்றிப் பேசாத சபை இருக்காது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், சாயங்காலத் தியானம், பெரிய வெள்ளியன்று இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள் என்று அந்த நாட்கள் முழுக்க அதே பேச்சுதான். எனக்கு அந்தப் போதனையில் முழு நம்பிக்கை உண்டு. மனிதன் பாவி, தன்னைத் தானே மீட்டுக்கொள்ள அவனால் ஆகாது, கிறிஸ்து இல்லாமல் அவனுக்கு விடிவு கிடையாது என்பதை மனதார நம்புகிறேன். நம்புகிறதனால்தான் நம் ஊரில் அது பேசப்படுகிற விதத்தைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எங்கே தொடங்கக் கூடாதோ அங்கே தொடங்குகிறோம். யாரைப் பார்த்துச் சொல்லக் கூடாதோ அவரைப் பார்த்துச் சொல்கிறோம்.

நோயாளிகள் வந்து குவிகிற ஊர் இது. காட்பாடி ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும். வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்தவர்கள் ஸ்கேன் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோ தேடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்துகளில் லாட்ஜ் எடுத்து, வாடகை ஸ்டவ்வில் சோறு பொங்கி, வாரக்கணக்கில் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறார்கள். அப்படி ஒருவர் கையில் ‘நீ ஒரு பாவி’ என்று தொடங்கும் கைப்பிரதியைத் திணித்துவிட்டு நகர்ந்துபோகிற சகோதரர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய வைராக்கியத்தைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் பயந்துபோய் நிற்கிறவருக்கு அந்த முதல் வரி எப்படிக் கேட்கும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. ‘உன் நோய்க்குக் காரணம் நீதான்’ என்றுதான் கேட்கும்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி, கீமோ போய்க்கொண்டிருந்த சமயம். ஒரு ஜெபக் குழுவிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். பாட்டு, ஜெபம் எல்லாம் முடிந்ததும் அதில் மூத்தவர் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “சிஸ்டர், நல்லா யோசிச்சுப் பாருங்க. அறிக்கை பண்ணாத பாவம் ஏதோ ஒண்ணு உள்ள இருக்கு. அத வெளிய கொண்டாந்துட்டீங்கன்னா கட்டி தானா கரைஞ்சிடும்.” பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. முடியெல்லாம் கொட்டிப்போன தலையில் கட்டியிருந்த துண்டைச் சரி செய்துகொண்டார். கையிலிருந்த கஞ்சி ஆறி ஏடு கட்டிவிட்டது. அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: “சின்னப் புள்ளையா இருக்கச்சொல்ல எங்கம்மா முந்தானையில முடிஞ்சி வெச்சிருந்த நாலணாவ எடுத்துட்டேன். அதுவா இருக்குமா?”

அறுபது வயதைத் தாண்டிய ஒரு மனுஷி, மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர், ராத்திரியெல்லாம் தூங்காமல் அந்த நாலணாவை நினைத்துக்கொண்டு கிடந்தார். இதைச் செய்தது யார்? கடவுளா? அவர் பெயரைச் சொல்லி நாம் செய்தது.

இரண்டு நாள் கழித்து எங்கள் ஆயர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு நீளமாக ஒன்றும் பேசவில்லை. யோவான் 9-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தார். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இயேசு சொல்கிற பதில்: “அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல.” பெரியம்மா அந்த வசனத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

தொழுநோய்ப் பிரசங்கமும் அப்படித்தான். கன்வென்ஷன் மேடைகளில் காலகாலமாக வருவது அது. தொழுநோய் பாவத்துக்கு அடையாளமாம், முதலில் சின்னப் புள்ளியாகத் தோன்றி உடம்பையே தின்றுவிடுமாம். வேறு எங்கே சொன்னாலும் வேலூரில் அதைச் சொல்லக் கூடாது. பக்கத்திலேயே கரிகிரி இருக்கிறது. 1955-ல் அங்கே தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனைக்கு, ஊரும் உறவும் துரத்திவிட்ட எத்தனையோ பேர் வந்தார்கள். அது ஒரு கிருமியால் வருவது என்று நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-லேயே கண்டார். வேலூரில் வேலை செய்த டாக்டர் பால் பிராண்ட், விரல்கள் நோயால் அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சி செத்துப்போவதால் சூடும் வெட்டும் தெரியாமல் காயமாகிக் காயமாகித்தான் போகின்றன என்று காட்டினார். மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். அவரும் பாவத்தையும் மீட்பையும் நம்பிய கிறிஸ்தவர்தான். அவர் பார்த்த நோயாளிகளின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் நம் சபைகளில் உட்கார்ந்திருக்கலாம். தாத்தாவின் நோயைப் பாவத்துக்கு உவமையாகச் சொல்லும்போது அவர்களை ஆமென் சொல்லச் சொல்வது என்ன நியாயம்?

சரி, அடுத்த பக்கத்துக்கு வருகிறேன். சத்துவாச்சாரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒரு நண்பர் இருக்கிறார். சிவபக்தர். கணக்கில் ஒரு ரூபாய் கூடினாலும் வீடு தேடி வந்து திருப்பிக் கொடுப்பவர். அவர் என்னிடம் கேட்டார்: “நான் யாரையும் ஏமாத்தல, யார் குடியையும் கெடுக்கல. என்னைப் பாவின்னு உங்க புக்கு சொன்னா நான் எப்படி ஒத்துக்குவேன்? நான்கூட பரவாயில்ல, பொறந்த கொழந்த இன்னா பண்ணிச்சி?” நியாயமான கேள்வி. வசனத்தை எடுத்து அவர் முகத்தில் வீசினால் அது பதிலாகிவிடாது. நான் அவரிடம் பாலாற்றைப் பற்றிப் பேசினேன்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி எத்தனை தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள்! உப்பும் குரோமியமும் கலந்த கழிவு மண்ணில் இறங்கிக் கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற கணக்கு 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பிலேயே இருக்கிறது. நம்முடையது அப்போது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அந்தத் தீர்ப்பில் இதையும் சேர்த்து ஐந்து மாவட்டங்களின் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. கெடுத்தவன்தான் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றி நின்றதில் அந்த வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கப்புறம் என்ன ஆயிற்று? 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக, நஷ்டஈடு கொடு, ஆற்றைச் சீர் செய் என்று மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

இதில் பாவி யார்? முதலாளி மட்டுமா? கூலிக்கு நின்ற தொழிலாளியா? கையெழுத்துப் போட்ட அதிகாரியா? அந்தத் தோலில் செய்த ஷூவைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிற நானா? ‘பாலாற்றைக் கெடுப்போம்’ என்று யாரும் ஒருநாள் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. ஆனாலும் ஆறு கெட்டது. அதில் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது, யாராலும் தனியாக அதைச் சரி செய்ய முடியவில்லை. ஆம்பூரில் இன்றைக்குப் பிறக்கும் குழந்தை ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் அது அந்தத் தண்ணீரில்தான் வளரும். வளர்ந்து, அதே தொழிலிலேயே வயிறு கழுவவும் கூடும். ஜென்மபாவம் என்று சபை சொல்வதை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். ஆதாமின் குற்றமே பிள்ளைக்கு வந்து சேர்கிறதா, அதன் விளைவான மரணமும் கேடும் மட்டும் வருகிறதா என்பதில் பழைய சபைப் போதகர் அகஸ்டினைப் பின்பற்றும் மேற்கத்திய சபைகளுக்கும் கிழக்கத்திய சபைகளுக்கும் வேறுபாடு உண்டு. அந்தத் தர்க்கத்துக்குள் இப்போது போகவில்லை. கெட்டுப்போன ஓட்டத்தில் பிறக்கிறோம் என்பதிலோ, நாமும் சேர்ந்து கெடுக்கிறோம் என்பதிலோ இரண்டு பக்கத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நீதிமன்றத்தால் முடிந்ததும் முடியாததும் இங்கே தெளிவாகத் தெரிகிறது. சட்டம் கேட்டைக் காட்டியது, அளந்தது, விலை போட்டது. ஆற்றை அதனால் பழையபடி ஓட வைக்க முடியவில்லை. பவுல் ரோமருக்கு எழுதுவதும் இதுவே: “பாவத்தை அறிகிற அறிவு நியாயப்பிரமாணத்தினால் வருகிறது.” நியாயப்பிரமாணம் என்றால் கடவுள் கொடுத்த சட்டம். அதனால் அறிவுதான் வரும், விடுதலை வராது. அதே நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தில் அவர் தன்னையே திறந்து காட்டுகிறார்: “நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்.” குடிப்பதில்லை என்று குழந்தை தலையில் சத்தியம் செய்துவிட்டுச் சாயங்காலம் டாஸ்மாக் வாசலில் நிற்கிறவருக்கு இந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டாம். மனைவியிடம் இனி கத்துவதில்லை என்று ஒவ்வொரு ஞாயிறும் தீர்மானிக்கிற நல்ல மனிதர்களுக்கும் வேண்டாம். நாயினும் கடையேன் என்று சிவனடியார்கள் உருகிப் பாடிய மொழி நம்முடையது. தன் பலத்தால் கரையேற முடியாது என்ற உணர்வு கப்பலில் வந்து இறங்கியதல்ல. நண்பர் இந்த இடத்தில் தலையசைத்தார். அவரை மதம் மாற்ற நான் போகவில்லை, அவரும் மாறவில்லை. கேள்வியை இருவரும் ஒரே பக்கம் நின்று பார்த்தோம், அது எனக்குப் போதும்.

சபையாருக்கு மட்டும் ஒரு விஷயம். நம் பகுதியில் 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன், அமெரிக்காவின் சீர்திருத்த சபையின் வழியில் வந்தது. அந்தச் சபையின் விசுவாச அடிப்படைகளில் ஒன்று 1563-ல் ஜெர்மனியில் எழுதப்பட்ட ஹைடல்பர்க் வினாவிடை. 129 கேள்விகள். மனிதனின் கேடு, மீட்பு, நன்றியுள்ள வாழ்வு என்று மூன்று பகுதிகள். பாவத்தைக் கொஞ்சமும் மழுப்பாத நூல் அது. கடவுளையும் அயலானையும் பகைப்பது என் சுபாவம் என்று ஐந்தாம் விடையிலேயே வெட்டவெளிச்சமாக ஒத்துக்கொள்ளும். ஆனால் அதன் முதல் கேள்வி பாவத்தைப் பற்றியது கிடையாது. வாழ்விலும் சாவிலும் உனக்கு உள்ள ஒரே ஆறுதல் என்ன என்று கேட்கிறது. நான் எனக்குச் சொந்தமல்ல, உடலோடும் உயிரோடும் என் மீட்பராகிய இயேசு கிறிஸ்துவுக்குச் சொந்தம் என்பது அதற்கு விடை. அதைச் சொன்ன பிறகுதான் கேடு பேசப்படுகிறது. அந்த வரிசைக்கு அர்த்தம் உண்டு. தன்னைத் தள்ளிவிட மாட்டார்கள் என்று தெரிந்த பிள்ளைதான் செய்ததை வாய்திறந்து சொல்லும். நம்முடைய கைப்பிரதிகளும் கட்டிலருகே பேசுகிறவர்களும் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டார்கள்.

சகேயுவிடம் இயேசு நடந்துகொண்டதும் அந்த வரிசையில்தான். எரிகோ ஊரே வெறுத்த வரி வசூலிப்பவன். மரத்தில் இருந்தவனைப் பார்த்து ‘அறிக்கை பண்ணு’ என்று அவர் சொல்லவில்லை. “இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்” என்றார். அந்த ஏற்பு கிடைத்த பிறகு சகேயு தானாகவே எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாய்த் திருப்பி என்கிறான். ‘கொலை செய்தவன்கூட ஒரு ஜெபம் பண்ணினால் தப்பித்துக்கொள்ளலாமா’ என்று கேட்பவர்களுக்கு நான் இந்த அதிகாரத்தைக் காட்டுவேன். கிருபை இலவசம். அது வந்து தங்கின வீட்டில் கணக்குப் புத்தகம் திறக்கும்.

நம் வீடுகளில் அது திறந்திருக்கிறதா? மணமகள் தேவை விளம்பரத்தில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்று போட்டு, அதே வரியில் சாதியையும் போடுகிறோம். எல்லாரும் பாவஞ்செய்து தேவமகிமையற்றவர்களானோம் என்று ஒரே குரலில் ஒப்புக்கொண்டு, ஒரே திருவிருந்தில் பங்குபெற்று வந்தவர்கள் நாம். ரத்தத்தில் மேல் கீழ் பார்த்தால் அந்த ஒப்புக்கொள்ளலுக்கு என்ன பொருள்? சபையாரே, பெரியம்மாவின் நாலணாவைத் தேடுகிற நேரத்தில் இதை அறிக்கை செய்வோம். வருகிற லெந்தில் ஒரு வெள்ளிக்கிழமையாவது நம் ஆயர்கள் இதைப் பெயர் சொல்லிப் பிரசங்கிக்க வேண்டும் என்று கேட்கிறேன். வீட்டு ஜெபத்துக்குப் போகிறவர்கள் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து, வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால், யோவான் 9-ஐ வாசியுங்கள்.